மூன்றாவது ராகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

1997 டிசம்பர் கடைசி வாரம். காலை ஏழே முக்காலுக்கு வீட்டில் போன் அடித்தது. குக்கர் அடுத்த விசில் விடட்டும் என்று நின்றுகொண்டிருந்தவள், அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு மூத்த வித்வான். இரண்டு நாளைக்கு முன்னால் அவர் கச்சேரியைக் கேட்டு விமர்சனம் எழுதியிருந்தேன். அன்றைக்குக் காலைப் பேப்பரில் வந்திருந்தது.

"ஏம்மா, நன்னாத்தான் எழுதியிருக்கே. ஆனா விருத்தத்துல மூணாவதா நான் பாடினது தர்பார் இல்லை, நாயகி."

விருத்தம் என்பது தாளம் இல்லாமல் பாடும் செய்யுள், அதை ராகம் மாற்றி மாற்றிப் பாடுவார்கள். தர்பாரும் நாயகியும் கேட்க ஒன்றுபோலத் தோன்றும் ராகங்கள். எனக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், "இரு, கேளு" என்று போனிலேயே பாட ஆரம்பித்துவிட்டார். முதலில் தர்பார். "க க ரி ஸ-ன்னு காந்தாரம் ரெண்டு தடவை அழுத்தி விழறது பார், அதான் தர்பாரோட அடையாளம்." அப்புறம் நாயகி. "இங்கே அந்த அழுத்தம் கிடையாது. வழுக்கிண்டே ரிஷபத்துக்கு வந்துடும். இப்போ பிடிபடறதா?" பிடிபட்டது. "சரி, ஆபீசுக்கு நாழியாறது உனக்கு" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே பத்திரிகை ஆபீசுக்குப் போய்த் திருத்தம் போடச் சொன்னேன். "இதையெல்லாம் யாரும்மா கவனிக்கப்போறாங்க?" என்றார் உதவி ஆசிரியர். ஒருவர் கவனித்துவிட்டார் என்றேன். அடுத்த வாரம் இரண்டு வரி வந்தது. அந்தத் துணுக்கை வெட்டி, என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு வாங்கிய ஒவ்வொரு நோட்டிலும் பழையதிலிருந்து பிய்த்து மறுபடி ஒட்டி, இப்போது அது அப்பளம்போல் ஆகிவிட்டது.

கச்சேரி விமர்சனம் எழுத வர விரும்பும் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வருவார்கள். முதலில் அந்தத் துணுக்கைத்தான் காட்டுவேன். ராகப் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போடக் கூச்சப்படாதீர்கள். கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் வயலின்காரரைக் கேளுங்கள். பாடுகிறவரைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். வயலின்காரர் பெட்டியை மூடிக்கொண்டிருப்பார். அவருக்கு எல்லாம் தெரியும், அவரை யாரும் எதுவும் கேட்பதும் இல்லை.

நான் இதற்குள் வந்தது தற்செயல். வங்கியில் குமாஸ்தா வேலை, மவுண்ட் ரோடு பக்கத்துக் கிளை. சின்ன வயதில் கும்பகோணத்தில் பதினோரு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டிருந்தேன். மேடை ஏறும் குரல் இல்லை என்பது எனக்கே பதினைந்து வயதில் தெரிந்துவிட்டது. பாட்டு மாமிக்கு அதற்கும் முன்னாலேயே தெரிந்திருக்கும், சொல்லவில்லை. கிளைக்கு டிராஃப்ட் எடுக்க வரும் ஒரு பத்திரிகைக்காரர், எங்கள் யூனியன் இதழில் நான் எழுதிய திருவையாறு ஆராதனைக் கட்டுரையைப் பார்த்துவிட்டு, "டிசம்பர் கச்சேரி சீசனுக்கு ஆள் பத்தலை, எழுதறீங்களா?" என்றார். ஒரு விமர்சனத்துக்கு 200 ரூபாய். முதல் செக்கை எங்கள் கிளையிலேயே போட்டேன். கவுன்டரில் இருந்தவள் இரண்டு முறை திருப்பிப் பார்த்து, "பாட்டு கேட்கறதுக்குக் காசு தராளா?" என்றாள்.

தந்தார்கள். ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அன்றைக்கும் முடியாது, இன்றைக்கும் முடியாது. எனக்குத் தெரிந்த விமர்சகர்களில் பெரும்பாலோர் வேறு உத்தியோகம் பார்த்தவர்கள். பேர்பெற்ற விமர்சகர் சுப்புடுவே டில்லியில் மத்திய அரசு வேலையில் இருந்தவர்தான். சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தால் எழுத்தில் கொஞ்சம் முதுகெலும்பு இருக்கும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் வேறொரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்பது கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் நான் கொடுக்கக்கூடிய மிகச் சரியான யோசனை.

சுப்புடுவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். ஹார்மோனியம் வாசிப்பார். டிசம்பர் வந்தால் டில்லியிலிருந்து இறங்குவார், சபாக்களில் அடிவயிறு கலங்கும். 2007-ல் தொண்ணூறு வயதில் போனார். அவருக்கு முந்திய தலைமுறைக்குக் கல்கி. 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் ஆடல் பாடல் பகுதி எழுதியபோது, கச்சேரிக்கே போகாதவர்கள்கூடப் படித்தார்கள். என் தாத்தா அதில் ஒருவர். அவருக்கு மோகனத்துக்கும் மோர்க்குழம்புக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் எந்த வித்வான் எந்த ஊரில் எப்படிப் பாடினார் என்று சொல்லுவார்.

ஆரம்பத்தில் எங்கள் எல்லாருக்கும் சுப்புடுபோல எழுத ஆசை. நானும் எழுதினேன். மூன்றாவது வருஷம் ஒரு வீணைக் கச்சேரிக்குப் போய்விட்டு, 'வீணை அழுதது, மீட்டியவர் மட்டும் புன்னகைத்தார்' என்று போட்டேன். வாசகர் கடிதங்கள் வந்தன. கிளையில் மேனேஜர் கைகொடுத்தார். நாலு நாள் கழித்து ஒரு சபா கேன்டீனில் இடம் கிடைக்காமல் காபி டம்ளருடன் நின்றேன். அந்த வைணிகர் எழுந்து, "உட்காருங்கோ, நான் முடிச்சுட்டேன்" என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். இலையில் பாதி ரவா தோசை அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து விமர்சனத்தை எடுத்துப் படித்தேன். அவர் என்ன வாசித்தார், எந்த இடத்தில் தப்பியது, தந்தி இறங்கியதா, கை தடுமாறியதா, எதுவும் அதில் இல்லை. என் சாமர்த்தியம் மட்டும் இருந்தது. சுப்புடுவின் கிண்டலுக்கு அடியில் ஸ்வரம் தெரிந்த காது ஒன்று இருந்தது என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எழுதி முடித்ததும் கிண்டல் வரிகளை அடித்துவிட்டுப் படிப்பேன். மிச்சத்தில் கச்சேரி இருக்கிறதா? இருந்தால் கிண்டலைத் திரும்பச் சேர்க்கலாம். அநேகமாகச் சேர்க்கத் தோன்றாது.

பாராட்டு வரிகளுக்கும் இதே வைத்தியம்தான். ரக்தி, விச்ராந்தி, சௌக்கியம், களைகட்டியது, கனஜோர், பாவபூர்வமாக, நிழல்போலத் தொடர்ந்தார், அனுசரணையாக வாசித்தார். இந்த எட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு சீசன் முழுக்க ஓட்டலாம். ஓட்டியிருக்கிறேன். தினம் இரண்டு கச்சேரி, நடுவில் வங்கி வேலை, காலை எட்டு மணிக்கு மியூசிக் அகாடமியில் லெக்சர் டெமான்ஸ்டிரேஷன் என்று அலைகிற டிசம்பரில் கை தானாகவே இந்த வார்த்தைகளுக்குப் போகும்.

அதை நிறுத்தியது ஒரு மிருதங்க வித்வான். கேன்டீன் டோக்கன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "மேடம், ஆறு வருஷமா என்னைப் பத்தி 'அனுசரணை'ன்னே போடறேள். தனி ஆரம்பிச்சதும் நீங்க எழுந்து போறதை மேடையிலேர்ந்து பார்த்துண்டுதான் இருக்கேன்."

உண்மை. தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி, வந்தால் பாதி ஹால் கேன்டீனுக்குப் போகும். அந்தப் பாதியில் நானும் உண்டு. பஜ்ஜி தீர்வதற்குள் போகவேண்டும் என்பது ஒன்று. எனக்குத் தாளக் கணக்கு புரியாது என்பது இன்னொன்று.

அடுத்த ஆடி மாதம் ஒரு மிருதங்க வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தேன். வாசிக்க அல்ல, கேட்கக் கற்றுக்கொள்ள. நாற்பது வயதில், பத்து வயதுப் பையன்களுக்கு நடுவில். ஆதி தாளம் ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், எட்டு அட்சரம். நாலு நாலாகப் போகும் சதுச்ர நடையில் அட்சரத்துக்கு நாலு மாத்திரை, மொத்தம் 32. 'ததிகிணதொம்' என்பது ஐந்து மாத்திரை. அதை மூன்று தடவை வாசித்தால் 15. நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை, அதாவது இடைவெளி, விட்டால் 19. அப்படியானால் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், வந்து இறங்க, அதற்கு முன்னால் 13 மாத்திரைக்கு வேறு ஏதாவது வாசித்திருக்கவேண்டும். அந்தப் பதின்மூன்றை ஒருவர் எப்படி நிரப்புகிறார் என்பதில்தான் அவர் யார் என்று தெரியும். இதை வாத்தியார் சொன்ன அன்றைக்கு, இத்தனை வருஷம் பஜ்ஜிக்காக எதைக் கோட்டைவிட்டேன் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த பையன் என் தொடையில் தட்டி, "மாமி, நீங்க வீச்சை விட்டுட்டேள்" என்றான். தாளத்தில் கையைத் திருப்பிப் போடும் இடம் அது.

தாளம் போடத் தெரியாமல் விமர்சனம் எழுத வராதீர்கள். ராகம் தெரியாவிட்டால்கூடக் கேட்டுக்கொள்ளலாம், அதற்குத்தான் வயலின்காரர் இருக்கிறார். கணக்கு அந்த நேரத்தில் காதில் விழாவிட்டால் போனதுதான்.

நிரவல், அதாவது பாட்டின் ஒரு வரியையே எடுத்துக்கொண்டு விதவிதமாகப் பாடுவது பற்றி ஒரு சம்பவம் சொல்லவேண்டும், இதை எழுதியபோது பேப்பரில் வெட்டிவிட்டார்கள். ஒரு சபாவில் கச்சேரி நடுவே, விளம்பரதாரருக்கு மரியாதை செய்கிறோம் என்று மைக்கைப் பிடித்தார்கள். பொன்னாடை, கேடயம், அவர் பேச்சு, அவரைப் பற்றிப் பேச்சு, இருபது நிமிஷம். பாடகர் சுருதிப் பெட்டியை மெல்லமாக வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து கல்யாணி ராகத்தை எடுத்தார். தியாகராஜரின் 'நிதி சால சுகமா'. நிரவலுக்கு 'மமதா பந்தன யுத நரஸ்துதி சுகமா' என்ற வரி. ஆணவக் கட்டில் கிடக்கும் மனிதர்களைப் புகழ்ந்து பாடுவதா சுகம் என்று கேட்கிற வரி அது. கல்யாணியில் அந்தக் கீர்த்தனைக்கு வழக்கமாக நிரவல் செய்கிற இடம்தான். ஆகவே யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் 'நரஸ்துதி'யில் அவர் நின்ற நிலை இருக்கிறதே! முதல் காலத்தில் தைவதத்தில் நிறுத்தி, அப்புறம் மேல் ஷட்ஜத்துக்கு இழுத்து, 'சுகமா'வை ஒரு கேள்வியாகவே முடித்தார். ஒவ்வொரு சுற்றிலும் கேள்வி கொஞ்சம் கூர்மையாகிக்கொண்டே போனது. வயலின்காரர் வில்லை எடுப்பதற்கு முன் ஒரு கணம் சிரித்தார். முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்தவர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

சாகித்தியத்தின் அர்த்தம் தெரியாமல் இருந்திருந்தால் நானும் 'கல்யாணி நிரவல் களைகட்டியது' என்று எழுதிவிட்டு 29சி பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருப்பேன். தெலுங்கு எழுதப் படிக்க அதற்கு முந்திய வருஷம்தான் கற்றுக்கொண்டிருந்தேன். சமஸ்கிருதம் இன்னும் அரைகுறைதான். தமிழ்ப் பாட்டில் பதம் பிரித்துப் பாடுகிறார்களா என்று கவனிக்க யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆனாலும் அங்கேதான் அதிகம் அசந்துவிடுகிறோம், தெரிந்த மொழிதானே என்று.

நரஸ்துதி என்றதும் வீட்டுக்கு வரும் தாம்பாளம் ஞாபகம் வருகிறது. பழம், வெற்றிலை பாக்கு, நடுவில் முந்திரிப் பொட்டலம், அதற்கடியில் பெண்ணின் புகைப்படத்தோடு பயோடேட்டா. "குழந்தை பன்னண்டு மணி ஸ்லாட்ல பாடறா. நீங்க வந்து ரெண்டு வரி..." என்று அப்பாமார்கள் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வந்திருப்பார்கள் சிலர். பழத்தை வாங்கிக்கொள்வேன், பொட்டலத்தைத் திருப்பிக் கொடுப்பேன் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதிலும் ஓட்டை இருந்தது. பழம் சாப்பிட்ட வீட்டைப் பற்றி எழுதும்போது 'இன்னும் கவனம் தேவை' என்பது 'வருங்காலத்தில் மெருகேறும்' என்று மாறிவிடுகிறது. பிறகு பழமும் வேண்டாம் என்றாகிவிட்டது. என்னுடன் படித்த ஒரு பெண் பெரிய பாடகியாகிவிட்டாள். அவளைப் பற்றி இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வரி எழுதியதில்லை. முதல் பத்து வருஷம் அதில் அவளுக்குக் கோபம். இப்போது அவள்தான் தீபாவளிக்கு முதலில் கூப்பிடுகிறவள்.

2006-ல் நடந்தது வேறு. இருபது வயதுப் பெண், பகல் இரண்டு மணிக் கச்சேரி. மேல் ஸ்தாயியில் போகும்போதெல்லாம் சுருதி கீழே தங்கியது. ஒரு தடவை அல்ல, தோடி ராகம் முழுக்க. 'சுருதி சுத்தம் போதவில்லை. சாதகத்தில் அலட்சியம் தெரிகிறது' என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் கச்சேரிக்குக் கடம் வாசித்த பையனை வேறிடத்தில் பார்த்தேன். "அன்னிக்கு மேடையில பாடறவங்களுக்கு வெச்ச மானிட்டர் ஸ்பீக்கர் செத்துப்போச்சு மேடம். அவங்களுக்குத் தம்புராவே காதுல விழலை. மிருதங்கம் மட்டும்தான். மைக்செட்காரர்கிட்ட ஜாடை காட்டிக்கிட்டே பாடினாங்க."

அந்த ஜாடையை நானும் பார்த்திருந்தேன். ராகத்துக்கு அபிநயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் எழுதிய முதல் வாக்கியம் சரி. சுருதி சேரவில்லை, ஹாலில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. இரண்டாவது வாக்கியம் என் கற்பனை. அவள் வீட்டில் சாதகம் செய்தாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? மேடையில் நடந்ததை எழுதலாம். ஏன் நடந்தது என்று எழுதவேண்டுமானால் எழுந்து போய்க் கேட்கவேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே.

அதிலிருந்து கச்சேரி ஆரம்பிக்குமுன் மைக்செட்காரரோடு இரண்டு வார்த்தை பேசுவது வழக்கமானது. சென்னைச் சபாக்களில் எந்த ஹாலில் எந்த வரிசையில் என்ன கேட்கும் என்பதை விமர்சகர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஏழெட்டாவது வரிசை, நடுப்பாதைக்கு ஓரம், ஸ்பீக்கருக்கு நேரே இல்லாத நாற்காலி. இதை எல்லோருக்கும் சொல்கிறேன். தனி முடிந்ததும் ஐந்து நிமிஷம் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேளுங்கள் என்றும் சொல்கிறேன். நான் மட்டும் அப்படி உட்காரவில்லை. பஸ் பிடிக்கவேண்டும். இடதுபக்கச் சுவரோரம், பக்கவாட்டுக் கதவுக்கு அடுத்த நாற்காலி. மங்களம் ஆரம்பித்ததும் நழுவினால் லஸ் முனையில் ஒன்பது இருபது வண்டி கிடைக்கும். தலைக்கு மேல் இடதுபக்க ஸ்பீக்கர். இருபது சீசனுக்கு மேல் அங்கேதான்.

பேப்பரில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. 400 வார்த்தை 250 ஆயிற்று, பிறகு புகைப்படத்துக்குக் கீழே எட்டு வரி ஆயிற்று. 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களில் சேர்த்தபோது எல்லாரும் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். அந்த வாரம் எனக்குக் கிடைத்த இடம் அந்த எட்டு வரிதான். ரசிகர்கள் இப்போது கச்சேரி முடியுமுன்பே வாட்ஸப்பில் விமர்சனம் எழுதிவிடுகிறார்கள், பாட்டுப் பட்டியலோடு. அதில் சில என்னுடையதைவிட நன்றாக இருக்கின்றன. இதில் புலம்ப ஒன்றும் இல்லை.

2020-ல் கொரோனா. மார்கழி முழுக்க ஆன்லைன். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் இருந்தேன். என் பையன் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். கேன்டீன் இல்லை, பட்டுப்புடவைச் சரசரப்பு இல்லை, பக்கத்து மாமாவின் இருமல் இல்லை. முதல் நாள் ஒரு பெண் பாடகியின் கச்சேரி, மேடையில் நிஜத் தம்புரா. கொஞ்ச நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது இடம் வலமாக மாட்டிவிட்டேன். தம்புரா மாறிவிட்டது.

தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் வைப்பார்கள், ஜீவா என்பார்கள். அதனால்தான் தந்தி வெறுமே ஒலிக்காமல் ரீங்காரமிடும். அந்த ரீங்காரம் முதலில் வலப்பக்கம் தூக்கலாக இருந்தது. ஹெட்போனை மாற்றி மாட்டினால் அது இடப்பக்கம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. இடப்பக்கத்தில் வெறும் தந்திதான், கம்பளிக்குள் சுற்றிய மாதிரி. ரீங்காரத்தைக் காணோம். திரும்ப மாற்றினேன், இருந்தது. ஹெட்போனில்தான் கோளாறு என்று பையனிடம் சண்டை போட்டேன். அவன், என் மருமகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். அவளுக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் ஆடியாலஜிஸ்டிடம் போனேன். சின்னப் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு மார்க் போட்டவள் நான். அந்தக் கூண்டுக்குள் எனக்குக் கை நடுங்கியது. கேட்கிறதா, கேட்கிற மாதிரி நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை பொய்யாக அழுத்தினேன். வெளியே வந்ததும், "நடுவுல சத்தமே தராதப்போவும் அழுத்துனீங்க ஆன்ட்டி" என்றாள்.

வரைபடத்தில் வலது காது வயதுக்கு ஏற்றபடி மெல்ல இறங்கியது. இடது காது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. ஃபாக்டரியில் வேலையா என்று கேட்டாள். கச்சேரி என்றேன். அவள் சொன்ன கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. அடுத்த சீசனில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து போன் செயலியில் அளந்து பார்த்தேன். அது ஒன்றும் துல்லியமான கருவி இல்லை. ஆனாலும் தனி ஆவர்த்தனத்தின்போது 94-ஐத் தொட்டுத் தொட்டு வந்தது. கச்சேரி இரண்டரை மணி நேரம். பக்கவாத்தியத்துக்கு உட்காரக் கற்றுக்கொண்ட பிறகுதான் காது இன்னும் கெட்டிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பஞ்சு வைத்துக்கொள்ளாதீர்கள், அது மேல் ஸ்வரங்களைத்தான் முதலில் தின்னும். இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் காது அடைப்பான்கள் எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். இருபத்தைந்து வயதில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியரிடம் சொன்னேன். "வெளியில சொல்லாதீங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அன்றைக்குத் திருத்தத்தைப் பற்றி இன்னொருவர் சொன்ன அதே தொனி. சுருதி பற்றித் தீர்ப்புச் சொல்லும் கச்சேரி விமர்சனம் இனி தனியாக எழுதமாட்டேன், இளையவர் ஒருவரோடு சேர்ந்து கேட்டு, இருவர் பெயரிலும் எழுதுகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார், எட்டு வரிக்கு இரண்டு பெயரா என்று முனகிக்கொண்டே.

காது மெஷின் வாங்கினேன். வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. தாளிக்கிற சத்தம், காக்காய், பக்கத்து வீட்டு டிவி. முதல் முறையாக அதோடு ஒரு கச்சேரிக்குப் போனேன். வயலின்காரர் நீளமாக ஒரு பஞ்சமம் இழுத்தார், அது நெளிந்தது. தம்புரா தண்ணீருக்குள் ஆடுவதுபோல ஆடியது. மேடையில் யாருமே சுருதியில் இல்லை. இப்படி ஒரு கச்சேரியை நான் கேட்டதே இல்லை. என்னுடன் வந்திருந்த பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தேன். 'சுருதி அருமை' என்று எழுதியிருந்தாள்.

மூன்று தடவை ஆடியாலஜிஸ்டிடம் போனபிறகு விஷயம் புரிந்தது. அந்த மெஷின் பேச்சுக்காகச் செய்தது. பேச்சில் ஒரே ஒலி நீண்டு நிற்காது. நின்றால் அது மைக் கூவுகிற சத்தம் என்று நினைத்து மெஷின் அதை அடக்கப் பார்க்கும். நம் சங்கீதத்தில் அடியிலிருந்து கடைசிவரை நிற்பதே அந்த ஒரு ஒலிதான். "இசைக்குன்னு தனி புரோகிராம் இருக்கு, அதுல அந்த ஃபீட்பேக் கட்டுப்பாட்டை ஆஃப் பண்ணிடறேன். ஆனா காதுகிட்ட கை கொண்டுபோனா நிஜமாவே கூவும், பரவாயில்லையா?" என்றாள். கூவட்டும் என்றேன். இசை கேட்கிறவர்கள் மெஷின் வாங்கும்போது இதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். நாமாகக் கேட்டாலொழிய யாரும் சொல்வதில்லை. வாங்குமுன் ஒரு சுருதிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போனேன். அங்கே சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடுவார்கள். மேடைக்கு வலதுபுறம், மூன்றாவது வரிசை, இடது காது மேடைப் பக்கம். பன்னிரண்டு வயதுப் பையன் பாடினான், இன்னும் சின்னவன் ஒருவன் கஞ்சிரா. வாக்கிங் போகிறவர்கள் செருப்பு தேய நடந்துகொண்டிருந்தார்கள். பையன் சின்னதாக ஓர் ஆலாபனை எடுத்தான். கஞ்சிரா வைத்திருந்தவன் சும்மா இருக்கமாட்டாமல் அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு தடவையும் அதன் ஓரத்து வில்லை சிணுங்கியது. எத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை இடது காதால் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது.

ஆலாபனை முடிந்ததும் என் கூட வந்தவள் குனிந்து, "என்ன ராகம் மாமி?" என்றாள். நோட்டில் எழுதி அவள் பக்கம் திருப்பினேன். பென்சிலை வாங்கி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். கச்சேரி முடிந்ததும் இருவரும் எழுந்து வயலின் வாசித்த குழந்தையைத் தேடிக்கொண்டு போனோம்.